மூன்றாம் எண் கிடங்கில் பிறந்தவள்

"குனிங்க! குனிஞ்சு ஓடுங்க!"

அப்பா கத்துகிறார். நெல்வயல். முழங்கால் வரை சேறு. தலைக்கு மேலே ஹெலிகாப்டர். முதலில் கனத்த சத்தம். பிறகு அதைக் கிழித்துக்கொண்டு இன்னொன்று. தட் தட் தட் தட். வயல் நீர் துள்ளுகிறது. 1984, மார்கழி மாதம். வவுனியாவுக்கு அப்பால் ஒரு பண்ணைக் குடியிருப்பு. எனக்குப் பதினோரு வயது. தம்பி குமாரின் கை என் கையில் இருக்கிறது.

காலையில் ராணுவ லாரி வந்திருந்தது. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். பிறகு உடைந்த தமிழில் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும். இது உங்கள் இடம் இல்லை. பொழுது சாயும்வரை அவர்களுக்கே பொறுமை இல்லை. உச்சி வெயிலிலேயே கூரைகள் எரிந்தன. அம்மா உலையில் போட்ட அரிசி அடுப்பிலேயே கிடந்தது.

வரப்பில் ஏறுகிறேன். குமாரின் கை கனக்கிறது. இழுக்கிறேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே சட்டை சிவப்பாக இருந்தது. அம்மா கத்தவில்லை. ஒரு பாலை மரத்தடியில் அப்பா வெறுங்கையால் மண்ணைத் தோண்டினார். நகம் இரண்டு பெயர்ந்தது. குமாருக்கு ஆறு வயது. மண்ணை மூடிவிட்டு மறுபடி ஓடினோம். மன்னார்க் கரைக்கு. படகுக்கு. இராமேசுவரத்துக்கு.

இது உங்கள் இடம் இல்லை. இந்த வாக்கியம் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. எங்கள் பூட்டன் காவேரிப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து போனவர். கூலிக்கு ஆள் பிடிக்கும் கங்காணி இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தேயிலைத் தோட்டம். லயம் என்று சொல்லப்படும் வரிசை வீடு, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. தாத்தா அந்த அறையில்தான் பிறந்தார். அப்பாவும் அந்த அறையில்தான் பிறந்தார். 1948. வெள்ளைக்காரன் போன கையோடு ஒரு சட்டம் வந்தது. இலங்கைப் பிரஜையாக வேண்டுமா? உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு. கூலியின் பிள்ளை பிறந்ததை யார் எழுதி வைத்தார்கள்? தோட்டத்தில் கொழுந்தின் எடையை எழுதினார்கள். பிள்ளையை எழுதவில்லை.

தாத்தா கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கு நடந்தார். மலையிறங்கி, மலையேறி. அப்பா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போனார். கிளார்க் கேட்பான். நீ எங்கே பிறந்தாய்? இங்கேதான் ஐயா. அத்தாட்சி? தாத்தா கையை விரிப்பார். அடுத்தவன் வா. இதை அப்பா சிறுவனாக நின்று பார்த்தார். ஒரு தடவை அல்ல, வருடக்கணக்கில். தாத்தாவுக்கு ஓட்டு போயிற்று. நாடு போயிற்று. 1964இல் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசின. இவ்வளவு தலை உனக்கு, இவ்வளவு தலை எனக்கு. பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். எங்களை அப்படிக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பங்கிலும் எங்கள் வீடு சேரவில்லை. அலுவலகத்தில் கிடப்பில் கிடந்தோம். 1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தினார்கள். வவுனியாவுக்கு வந்தோம். அங்கிருந்துதான் இந்த ஓட்டம்.

அப்பா இவற்றிலிருந்து ஒரு பாடம் படித்தார். ஒரே பாடம். பிள்ளை அந்த மண்ணில் பிறந்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மண் அதற்கு இல்லை.

எங்களை அன்றைய தர்மபுரி மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். ஓர் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் மூன்று கிடங்குகள். உரமூட்டை வைத்திருந்த கிடங்குகள். யூரியா வாடை சுவரில் ஊறியிருந்தது. சேலையைக் கட்டி அறை பிரித்தோம். எங்கள் பூட்டன் புறப்பட்ட ஊர் அங்கிருந்து பக்கம்தான். பேருந்தில் ஏறினால் போய்விடலாம். அந்த ஊருக்கு நாங்கள் அகதியாகத் திரும்பி வந்திருந்தோம். சிரிப்பதா, காறித் துப்புவதா?

1986, மாசி. மூன்றாம் எண் கிடங்கு. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே அணை மதகில் தண்ணீர் இரைகிறது. பக்கத்துச் சேலை அறையின் பாக்கியம் அக்கா என்னை வெளியே தள்ளுகிறாள். தகரக் கூரையில் காகங்கள் நடக்கும் சத்தம். பிறகு ஓர் அழுகை. கூர்மையாக, கோபமாக. என் தங்கை செல்வி. எங்கள் குடும்பத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்காமல் வளரப்போகிற முதல் பிள்ளை என்று அம்மா சொன்னாள்.

மறுவாரம் ஊரிலிருந்து கிராம அலுவலர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர்.

"ஏம்பா, கொழந்த பொறந்திருக்குதாமே. எழுதிக்கட்டுமா?"

அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "வேணாங்கய்யா. இது எங்க ஊருப் புள்ள. போனதும் அங்கயே எழுதிக்கிறோம்."

"அங்க எப்படிப்பா எழுதுவ? இங்கதான பொறந்துச்சு?"

"வவுனியாவுல பொறந்ததா இருக்கட்டுங்கய்யா."

அவர் சிரித்தார். உங்க இஷ்டம் என்று சைக்கிளைத் திருப்பினார். பள்ளியில் சேர்க்கும்போதும் அப்பா அதையே சொன்னார். பிறந்த இடம் வவுனியா. தலைமை ஆசிரியர் எழுதினார். அப்பா மட்டும் இல்லை. முகாமில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். யூரியா வாடையில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் வவுனியாவிலும் மன்னாரிலும் பிறந்தார்கள். நாளைக்குத் திரும்பிப் போவோம். அங்கே கிளார்க் கேட்பான். அப்போது கையை விரிக்கக் கூடாது. அதுதான் கணக்கு. வேறு யாருக்கும் இந்தப் புத்தி தோன்றாது. தகப்பன் விரலைப் பிடித்துக் கச்சேரி வாசலில் நின்றவனுக்குத்தான் தோன்றும்.

நாளை வரவேயில்லை. இருபது வருடம் போயிற்று. நான் பெயின்ட் அடிக்கப் போனேன். முகாம் ஆண்களுக்கு அதுதான் வேலை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் என் தூரிகை படாத ஷெட் குறைவு. கயிற்றைக் கட்டிக்கொண்டு கூரைமேல் தொங்குவேன். அங்கிருந்து பார்த்தால் அத்திப்பள்ளி சோதனைச்சாவடி தெரியும். கர்நாடகம். காலையில் ஆயிரம் பேர் அந்தப் பக்கம் வேலைக்குப் போவார்கள். ஆயிரம் பேர் இந்தப் பக்கம் வருவார்கள். ஒரு வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார்கள். நீ யார் என்று ஒருவரையும் கேட்பதில்லை. மதுரைக்காரன், தஞ்சாவூர்க்காரன், எவன் வந்தாலும் ஒரு மாதத்தில் ஓசூர்க்காரன். நாங்கள் மட்டும் கணக்கெடுப்பு நாளில் முகாமில் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிடுவார்கள். கையைத் தூக்க வேண்டும். காய்ச்சல் என்றாலும் நிற்க வேண்டும். ஓடிப்போகவில்லை என்று காட்டுவதற்காக.

2003. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு நாட்டிலும் சட்டம் வந்தது. இலங்கை சொன்னது: இந்திய வம்சாவளியினர் எல்லோருக்கும் குடியுரிமை. எங்கள் முகாமில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். பிறகுதான் முழுதும் படித்தார்கள். இலங்கையிலேயே தொடர்ந்து குடியிருப்பவர்களுக்கு மட்டும். அடித்துத் துரத்தினவனே கேட்கிறான், ஏன் தொடர்ந்து குடியிருக்கவில்லை என்று. இந்தியாவும் தன் சட்டத்தைத் திருத்தியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லைக்குள் வந்தவன் சட்டவிரோதக் குடியேறி. அவன் விண்ணப்பம் போடவும் முடியாது. இனி அவன் பிள்ளை இங்கே பிறந்தாலும் குடிமகன் ஆகாது. ஹெலிகாப்டர் சுடும்போது நாங்கள் விசா வாங்கியிருக்க வேண்டும். அடுத்த வருடம் மாவட்டத்தைப் பிரித்தார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டத்துக்கே புது விலாசம் கிடைத்தது. எங்களுக்குப் பழைய கிடங்குதான்.

செல்வி வளர்ந்தாள். கோபக்காரி. வேகக்காரி. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தாள். வாகனங்களுக்கு வயர் பின்னும் வேலை. அவள் கை ஓடினால் கண் தொடர முடியாது. கன்னடம் கற்றாள், தெலுங்கில் சண்டை போடக் கற்றாள். விடுதியில் தங்கிக்கொண்டு கணக்கெடுப்பு நாளில் முகாமுக்கு ஓடிவருவாள். 2007இல் கம்பெனி அவள் பெயரைச் சொன்னது. வெளிநாட்டில் அவர்களுக்கு இன்னொரு ஆலை. அங்கே பயிற்சி. திரும்பி வந்தால் நிரந்தர வேலை. வேண்டியது பாஸ்போர்ட் மட்டும். சூப்பர்வைசர் நாகரத்னா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம்.

தேன்கனிக்கோட்டையில் ஒரு வழக்கறிஞர். அகதிக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா என்று கேட்க அவரிடம் போனோம். வெளியே யானை மிதித்த ராகிப் பயிருக்கு நஷ்டஈடு கேட்க வந்த விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் செல்வியின் வயதைக் கேட்டார். பிறந்த மாதத்தைக் கேட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ அகதியே இல்லியே. 1987 ஜூலை ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி இந்த மண்ணுல பொறந்த யாரா இருந்தாலும் இந்தியக் குடிமகன். அப்பா யாரு அம்மா யாருன்னு சட்டம் கேக்கறதில்ல. அதுக்கு அப்புறம்தான் கேக்க ஆரம்பிச்சாங்க. நீ பொறந்தப்பவே இந்தியாக்காரி."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருபத்தோரு வருடம் கணக்கெடுப்பில் கையைத் தூக்கி நின்றவள். எந்தக் கடலையும் தாண்டாதவள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பேருந்தில் வரும்போதும் சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னோம். அப்பா உட்கார்ந்துவிட்டார். பள்ளிச் சான்றிதழ்களில் எல்லாம் வவுனியா என்று இருப்பது அவருக்குத்தான் முதலில் நினைவு வந்தது. பிரசவம் பார்த்த பாக்கியம் அக்கா செத்துப்போயிருந்தாள். அந்தக் கிராம அலுவலரும் இல்லை.

செல்வி விண்ணப்பித்தாள். பிறந்த இடம் என்ற இடத்தில் உண்மையை எழுதினாள். வழக்கறிஞர் ஒரு பிரமாணப் பத்திரமும் சேர்த்தார். உண்மையை எழுதியதுதான் அவள் செய்த குற்றம். விசாரணைக்கு உளவுப் போலீஸ் வந்தது. பள்ளியில் பார்த்தார்கள். வவுனியா. விண்ணப்பத்தில் பார்த்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம். அகதி பொய் சொல்லி இந்திய பாஸ்போர்ட் வாங்கப் பார்க்கிறாள். வழக்கு தயார்.

மதிய ஷிப்ட் முடிகிறது. சைரன் நீளமாக ஊதுகிறது. பெண்கள் கும்பலாக வெளியே வருகிறார்கள். நான் எதிர் ஷெட்டின் கூரையில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். முன்கேட்டில் போலீஸ் ஜீப். அதை நாகரத்னாவும் பார்க்கிறாள்.

"செல்வி, ஹோகபேடா! முன்கேட்டுக்குப் போகாதே! பின்னால போ!"

செல்வி பின்னால் போகவில்லை. நேராக நடந்தாள். தப்பு செய்தவள்தானே ஒளிய வேண்டும். ஜீப்பின் கதவு மூடும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் கயிற்றை அவிழ்த்து இறங்குவதற்குள் புழுதிதான் இருந்தது. பெயின்ட் வாளி கீழே விழுந்து உருண்டது. கம்பெனி அன்றைக்கே கைகழுவிவிட்டது.

ஜாமீன் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. வெளியே வந்தபோது தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பேன் என்றாள்.

நீதிமன்றத்தில் அப்பா கூண்டேறினார். அறுபத்து மூன்று வயது. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போனார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அரசு வழக்கறிஞர் கேட்டார். மகள் எங்கே பிறந்தாள்? மூன்றாம் எண் கிடங்கில் என்றார். பள்ளியில் வவுனியா என்று சொன்னது யார்? நான்தான் என்றார். ஏன்? அப்பா சொல்ல ஆரம்பித்தார்.

"எங்கப்பாகிட்ட கேட்டாங்கய்யா, நீ எங்க பொறந்தேன்னு. காட்டுறதுக்கு ஒண்ணுமில்ல. அத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எம் புள்ளைக்கு அந்தக் கதி வேணாம்னு..."

"கதையெல்லாம் வேண்டாம். அன்னைக்குப் பொய் சொன்னியா, இன்னைக்குப் பொய் சொல்றியா?"

அப்பா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அன்னைக்குத்தாங்கய்யா என்றார். அப்படியானால் அரசாங்கத்திடம் பொய் சொன்ன ஆள். இன்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது? அவ்வளவுதான். உட்காரலாம். மின்விசிறி கடகடத்தது. நான் அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்திருப்பேன். செல்வி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தீர்ப்பு வந்தது. குற்றவாளி. சிறையில் இருந்த காலமே தண்டனை. முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது, இலங்கைப் பிரஜை என்று. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வழக்கறிஞர். ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். செல்வி சென்னைக்குப் போனாள். இலங்கைத் துணைத் தூதரக வாசல். கையில் தீர்ப்பு. சரி, நான் உங்கள் பிரஜையாம், பாஸ்போர்ட் கொடுங்கள். அவர்கள் கேட்டார்கள். உன் அப்பா எங்கள் பிரஜையா? இல்லை. நீ எங்கள் மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி? இல்லை. அடுத்தவர் வரலாம். தாத்தா நின்ற அதே வரிசை. அறுபது வருடத்தில் அது ஓர் அடிகூட நகரவில்லை.

திரும்பி வந்து முகத்தைக் கழுவினாள். "அண்ணே, ரெண்டு நாட்டுக்காரனும் நான் பொறக்கவே இல்லங்கறான். அம்மாவுக்கு அன்னைக்கு வயித்து வலிதான் போல" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டாம்.

2009, மே. முகாமில் எல்லோரும் டிவி முன்னால். முள்ளிவாய்க்கால். யாரும் சமைக்கவில்லை. பெண்கள் தரையில் அறைந்து அழுகிறார்கள். ஒருவர் தன் அண்ணன் குடும்பத்தின் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கிடங்குக்கு வெளியே காக்கிச் சட்டைகள் நிற்கின்றன. அழுகையையும் கணக்கெடுக்கிறார்கள். அப்பா வெளியே வரவில்லை. செல்வி டிவியையே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போகிற கதை அன்று முடிந்தது. இங்கே இருக்கிற கதை நீதிமன்றத்தில் முடிந்திருந்தது.

ஆவணி மாதம். நான் ஒரு தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருக்கிறேன். அலைபேசி அடித்தது. தெரியாத எண். காற்றின் இரைச்சல். அதற்குப் பின்னால் வேறொரு இரைச்சல். எனக்கு அது தெரியும். பதினோரு வயதில் மன்னார்க் கரையில் கேட்டது.

"அண்ணே, கோவப்படாத. கேரளாவுல இருக்கேன். படகு. ஆஸ்திரேலியாவுக்காம்."

"ஏறாதே! செல்வி, ஏறாதே! எறங்கிடு! நீ கடலப் பாத்ததே இல்ல! ஏறாதே!"

தொட்டியின் உச்சியில் நின்று கத்துகிறேன். கீழே பெயின்ட் கலக்குகிறவன் அண்ணாந்து பார்க்கிறான். "அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள். இன்ஜின் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த எண் அதன்பின் ஒலிக்கவில்லை.

கணக்கெடுப்பு நாள். பெயரைக் கூப்பிட்டார்கள். செல்வி. யாரும் கையைத் தூக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அம்மா கையைத் தூக்கினாள். ஏன் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தலைமறைவு என்று எழுதினார்கள். அடுத்த மாதம் பெயரையே அடித்தார்கள். அவள் இங்கே பிறந்ததை எழுத ஒருவனுக்கும் கை வரவில்லை. அவள் இல்லாததை எழுத எவ்வளவு அவசரம். கரை சேர்ந்த படகுகளைப் பற்றிச் செய்தி வந்தது. சேராத படகுகளைப் பற்றியும் வந்தது. எங்கள் படகைப் பற்றி எதுவும் வரவில்லை. காணவில்லை என்று புகார் கொடுக்கப் போனோம். எந்த நாட்டுப் பெண் என்று கேட்டார்கள். எந்த நாட்டிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். இது போரின் கணக்கில் வராது. யாரும் இதற்கு நினைவுத்தூண் எழுப்பமாட்டார்கள்.

பூட்டன் விட்டுப்போன ஊர். அங்கே இன்று எங்களை அறிந்தவர் எவரும் இல்லை. தாத்தாவின் ஓட்டு. தாத்தாவின் நாடு. லயத்து அறை ஒன்று. வவுனியாவில் கூரை வேய்ந்த வீடு ஒன்று, அறுக்காத நெல்லோடு. தம்பி குமார், ஆறு வயது. அவனைப் புதைத்த மரம் இருக்கிறதா என்று தெரியாது. பாக்கியம் அக்கா, அகதியாகவே செத்தவள். அம்மாவின் பேச்சு. அவள் இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அப்பாவின் தூக்கம்.

என் தங்கை செல்வி, இருபத்து மூன்று வயது. அவளைத் துரத்தியது ஒரு ராணுவம் இல்லை. ஒரு சட்டம் பூட்டனைக் கேட்டது, இன்னொன்று தாத்தாவைக் கேட்டது, மற்றொன்று அப்பாவைக் கேட்டது. அவளை ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா இப்போது தினமும் முகாம் அலுவலகத்துக்குப் போகிறார். என் மகள் இங்கேதான் பிறந்தாள், மூன்றாம் எண் கிடங்கில், எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார். உட்காருங்க பெரியவரே என்று தண்ணீர் கொடுக்கிறார்கள். யாரும் எழுதிக்கொள்வதில்லை.